ரிசல்ட்டுக்குக் கீழே கையால் எழுதியது

சித்த அக்கட்டால நகர்றீங்களா? எந்திரிக்க வேண்டாமுங்க, பையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாப் போதும். ஆங், அவ்வளவுதான். இதையே அந்த முன்சீட்டுக்காரன்கிட்டச் சொன்னேன், மொறைக்கிறான். மொறைச்ச கண்ணுல விரலை விட்டு ஆட்டியிருப்பேன், பஸ்ஸாப் போச்சு. நான் கோபப்படுற ஆளில்லீங்க. என்னையத் தெரிஞ்ச யாரை வேணா கேளுங்க.

நீங்க கம்ப்யூட்டர் வேலைங்களா? நீங்க மூடி வைக்கிறதுக்கு முன்னாடி பார்த்துட்டேன், கறுப்புத் திரை, கலர் கலரா எழுத்து. பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோசம். ஏன்னா இந்த ஒரு மாசமா நான் யாருகிட்டப் பேசினாலும் புரிய மாட்டேங்குது. வக்கீலுக்குப் புரியல, இன்ஸ்பெக்டருக்குப் புரியல, என் மச்சினனுக்குச் சுத்தமாப் புரியல. "மாமா, ஒரு பட்டனைத் தட்டுனதுக்கா இத்தனை கூத்து?"ன்னு கேக்கறான். அவன் வாயிலயே ஒண்ணு விடலாம்னு வந்துச்சு. விடலீங்க. அக்கா வீட்டுல இருக்கா, எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன். அக்கான்னா அவனுக்கு அக்கா, எனக்குச் சம்சாரம். நாலு மாசமா அவங்கம்மா வீட்டுலதான் இருக்கா. உடம்புக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும்னா. இருந்துட்டு வரட்டும்.

ஊசிக்கல்பட்டி வர்றதுக்கு இன்னும் நாப்பது நிமிசம் ஆகும். நீங்க அதுக்கும் அக்கட்டாலதானே போறீங்க? அப்பச் சொல்றேன், கேளுங்க. நீங்க கம்ப்யூட்டர்காரர், நாயம் உங்களுக்குத்தான் தெரியும்.

என் பேரு லோகநாதன். கரூர்ல ஒரு சின்ன ஆபீசு, கல்லு குவாரிக்கு அதிர்வு ரிப்போர்ட் போட்டுக் குடுக்கறோம். குவாரியில வெடி வைக்கிறாங்கல்ல, அந்த வெடி பக்கத்துல இருக்கற வீட்டை எவ்வளவு ஆட்டுதுன்னு மீட்டர் வச்சு அளக்கணும். நொடிக்கு அஞ்சு மில்லிமீட்டருக்குள்ள இருந்தா வச்சுக்கலாம். மேல போச்சுன்னா வெடி மருந்தைக் கொறைக்கணும். இதுதான் எங்க தொழிலு. மீட்டரைத் தூக்கிட்டு ஊரு ஊராப் போறவன் அருள்தாஸ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், என்னையவிட நாலு வயசு சின்னவன். அவன் அளந்து அனுப்புவான், நான் ரிப்போர்ட்டா ஆக்குவேன். கோமதி மேடம்தான் முதலாளி.

நாங்க ரிப்போர்ட்ட வேர்டுல எல்லாம் அடிக்கிறதில்லீங்க. அதை நான்தான் மாத்துனேன். வெறும் எழுத்துக் கோப்பு. மேல வெளக்கம் எழுதியிருக்கும், அதுக்குக் கீழ சின்னதா ஒரு புரோகிராம் இருக்கும். கேபிளை மாட்டிட்டு ஒரு கீயைத் தட்டுனா அந்தப் புரோகிராம் மீட்டர்ல இருக்கற ரீடிங்கை இழுத்துக்கிட்டு வந்து கீழேயே கொட்டும். கொட்டுற எடத்துக்கு மேல 'ரிசல்ட்'னு ஒரு வரி தானா வந்துரும். அதே கோப்புல எழுத்து, அதே கோப்புல புரோகிராம், அதே கோப்புல ரிசல்ட். நீங்க தலையை ஆட்டுறீங்க பாருங்க, ஒருத்தராவது ஆட்டுனீங்களே.

இதுல ஒரு கருமம் என்னன்னா, பழைய ரிசல்ட் போகாது. இன்னைக்கு ஓட்டுன ரிசல்ட்டு அங்கயே குந்திக்கிட்டு இருக்கும். அந்தக் கோப்பை நகல் எடுத்து அடுத்த குவாரிக்கு ரிப்போர்ட் எழுதுவோம், பழைய குவாரி நம்பர் உள்ளேயே ஒட்டிக்கிட்டு வந்துரும். போன சித்திரையில அப்படித்தான் ஆச்சு. க.பரமத்திப் பக்கம் ஒரு குவாரி ரிப்போர்ட்டுல வேற ஊர் ரீடிங் நின்னுபோச்சு. நாலாவது பக்கத்துல. நான் பார்க்கல. யாரும் பார்க்கல. குவாரிக்காரங்க ஆறு பேரு வந்து உக்காந்திருக்காங்க, மேடம் என்னையக் கூப்பிட்டாங்க. போனேன். அந்த ஸ்பைரல் போட்ட ரிப்போர்ட்டை எடுத்து மூஞ்சி மேல வீசுனாங்க. கம்பி முனை இங்க புருவத்துல கிழிச்சுருச்சு. தெரியுதுங்களா? இந்தத் தழும்பு. ரத்தம் கண்ணுக்குள்ள போகுது, ஆறு பேரும் பார்த்துக்கிட்டிருக்கான். ஒருத்தன் சிரிச்சான்.

நான் என்ன பண்ணுனேன் தெரியுங்களா? "சாரி மேடம்"னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். பாத்ரூமுக்குப் போனேன். அங்க இருந்த கண்ணாடி ஒடைஞ்சு போச்சு. கை பட்டுருச்சு போல. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா சோறு ஆறிப்போய்க் கெடக்குது. அதுக்கப்புறந்தான் சம்சாரம் ஓய்வுக்குப் போனது. சரி, அது வேற கதை.

ஆனா மனசு ஆறலீங்க. அவமானம்னா அவமானம். ஒரு பழைய நம்பர் என்னையக் கொண்டுபோய் ஆறு பேர் முன்னாடி நிக்க வச்சுருச்சு. இனிமே ஒரு ரிசல்ட்டையும் உயிரோட விடக் கூடாதுன்னு உக்காந்தேன்.

நாங்க ரிப்போர்ட்டு அடிக்கிற அந்த எடிட்டர்ல நாம என்ன வேணா மாத்திக்கலாம், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அதுக்குன்னு ஒரு செட்டிங் கோப்பு, அதுல நம்ம இஷ்டத்துக்கு எழுதிக்கலாம். அடைப்புக்குறி அடைப்புக்குறியா ஒரு பாஷை. எனக்கு அது தெரியாது. பத்து நாள் சோறு தண்ணியில்லாமப் படிச்சேன். மொதல்ல கர்சர் நிக்கற எடத்துல இருக்கற ரிசல்ட்டை மட்டும் அழிக்கற மாதிரி எழுதினேன். கன்ட்ரோல் அமுக்கி, ஆல்ட் அமுக்கி, கே. தட்டுனதும் போச்சு. 'ரிசல்ட்'ங்கற வரியில இருந்து அடுத்த வெத்து வரி வரைக்கும் வழிச்சு எடுத்துருச்சு. அப்படி ஒரு சுகமுங்க அது. எதுத்து நின்னவனை ஒரே அறையில சாய்ச்ச மாதிரி இருந்துச்சு. சும்மா சும்மா ஓட்டி ரிசல்ட்டை வர வச்சு வர வச்சு அடிச்சேன்.

அப்புறம் ஒவ்வொண்ணாத் தட்டிக்கிட்டிருக்க முடியுங்களா? கோப்பு முழுக்க ஒரே தட்டுல போற மாதிரி மாத்துனேன். அப்புறம் அதுவும் எதுக்குன்னு, சேவ் பண்ணும்போதே தானாப் போயிரணும்னு எழுதிப் போட்டேன். நான் எந்தக் கோப்பைத் தொறந்து சேவ் பண்ணுனாலும் அதுல இருக்கற ரிசல்ட்டு எல்லாம் காலி. எழுத்து நிக்கும், புரோகிராம் நிக்கும், ரிசல்ட்டு நிக்காது. எழுத்துல ஒரு கால்புள்ளி நகராது, அவ்வளவு கச்சிதம். வேணும்னா பிரிண்ட் எடுக்கறப்பப் புதுசா ஓட்டிக்கலாம். சொல்லுங்க, இதுல ஒரு தப்பு சொல்லுங்க பார்ப்போம். வெள்ளிக்கிழமை தோறும் பேக்கப்புலயும் ஓட விட்டேன். சுத்தம்னா முழுசாச் சுத்தமா இருக்கணுமில்லீங்களா.

அருள்தாஸ் வந்து என் பின்னாடி நின்னு பார்த்தான். "அண்ணே, அது புரோகிராம் போட்டதா, ஆள் போட்டதான்னு பார்த்து அழிக்க வேண்டாமா?"ன்னான்.

"ரிசல்ட்னு தலைப்பு இருந்தா அது ரிசல்ட். அதுக்குக் கீழ ஆளு எதுக்குடா எழுதப் போறான்?"

"கேபிள் போயிட்டுதுல்லா அண்ணே. மீட்டர் திரையில பார்த்து நான் கையாலதான் அடிக்கேன். அந்த எடத்துலதான அடிக்க முடியும்?"

"கேபிள் வாங்கு."

"ஜனவரியில இருந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

அவன் கேட்டான்தான். அந்தக் காகிதம் என் மேசை மேலதான் இருந்துச்சு. ஆயிரம் வேலை நமக்கு. இவன் பின்னாடி நின்னுக்கிட்டு நொய்யி நொய்யின்னு சொல்லிக்கிட்டே இருக்கான். கையில ஸ்டேப்ளர் இருந்துச்சு, பெரிய ஸ்டேப்ளர், ரிப்போர்ட்டுக்கு அடிக்கிறது. வீசிட்டேன். தோள்லதான் பட்டுச்சு. ஒண்ணும் பெருசாக் காயமில்ல. அவனும் எடுத்துக் கொண்டாந்து மேசையில வச்சுட்டுப் போயிட்டான். அண்ணன் தம்பிக்குள்ள இதெல்லாம் நடக்கறதுதானுங்களே.

பார்த்தீங்களா, அந்த முன்சீட்டுக்காரன் மறுபடி திரும்பறான். யோவ், என்ன? கதை கேக்கறியா? திரும்பிக்க. திரும்பிக்கன்னு சொன்னேன்.

சரி, விட்டுட்டேன். சொல்லுங்க, எங்க விட்டேன்? ஆங், ஊசிக்கல்பட்டி.

ஊசிக்கல்பட்டியில குவாரிக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு ஓடைதான். கடைசி வீடு நாச்சம்மாங்கற அம்மாவோடது. அம்பது அம்பத்தஞ்சு வயசிருக்கும், புருசன் இல்ல, ரெண்டு எருமை வச்சுப் பால் ஊத்துது. சுண்ணாம்படிச்ச மண்ணுச் சுவரு. அருள்தாஸ் பதினோரு நாள் அங்கயே கெடந்தான். மத்தியானம் வெடி வைக்கறப்ப அந்த வீட்டு வாசல்ல மீட்டரோட சென்சாரைக் குத்தி வச்சு அளப்பான். அந்தம்மா மோர் குடுக்கும், சோறு போடும். இவன் ஒட்டிக்கிட்டான். அவன் வேலை அளக்கறது. சொந்தம் கொண்டாடறது இல்ல. நான் போன்ல கேட்டேன், "என்னடா, அங்கயே மருமகனா ஆயிட்டியா?"ன்னு. சிரிச்சான். "பாவம்ணே, வெடி வைக்கறப்ப எல்லாம் அந்தம்மா வீட்டை விட்டு ஓடிவந்து எருமையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்குது"ன்னான். எருமைக்கு என்ன தெரியும்? எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு.

அந்தப் பதினோரு ரீடிங்கையும் மீட்டரைப் பார்த்துப் பார்த்து ரிசல்ட்டுக்குக் கீழ கையால அடிச்சு வச்சிருக்கான். ஒரு சனிக்கிழமை காலையில கோப்பை அனுப்புனான். எங்க ஆபீசு ஃபோல்டர் ஒண்ணுதான், இங்க மாத்துனா அவன் லேப்டாப்புலயும் மாறிரும். போன்லயும் கூப்பிட்டு என்னமோ சொன்னான். நான் வேற வேலையில இருந்தேன், என்ன சொன்னான்னு காதுல விழல.

கோப்பைத் தொறந்தேன். எழுத்துல ரெண்டு பிழை இருந்துச்சு, திருத்துனேன். சேவ் பண்ணுனேன். ஒன்பது புள்ளி நாலுன்னு ஏதோ ஒண்ணு கண்ணுல பட்ட மாதிரி இருந்துச்சு. அடுத்த நொடி இல்ல. பழைய குவாரி ரிசல்ட்டு போலன்னு நினைச்சேன். எனக்குக் கூட அப்ப ஒரு சந்தோசம், பாரு, இதுதான் இது செய்யற வேலைன்னு.

அப்புறம் பிரிண்டுக்கு ஓட்டுனேன். கேபிள் இல்ல, மீட்டர் இல்ல, புரோகிராம் ரீடிங்கைத் தேடிப் பார்த்துட்டு ஃபார்முலாவுல கணக்குப் போட்டுக்கிச்சு. ரீடிங் இல்லைன்னா, மருந்து இவ்வளவு, தூரம் இவ்வளவு, அப்ப அதிர்வு இவ்வளவு இருக்கும்னு ஒரு கணக்கு. அந்த வழியை நான்தான் எழுதி வச்சிருந்தேன். ரிப்போர்ட்டுல ஓட்டை இருக்கக் கூடாதுல்ல. ரெண்டு புள்ளி ஒன்பதுன்னு வந்துச்சு. அஞ்சுக்குள்ள. அழகா வந்துச்சு. கடைசிப் பக்கம் கையெழுத்து வேணும். அருள்தாஸ் எப்பவும் நாலஞ்சு தாள்ல முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வச்சுட்டுத்தான் ஊருக்குப் போவான், எங்க ஆபீசுல அதுதான் வழக்கம். ஒண்ணை எடுத்துச் சேர்த்தேன். மத்தியானத்துக்குள்ள ரிப்போர்ட்டு குவாரிக்குப் போயிருச்சு.

மேடம் கூட "பரவாயில்லையே லோகு, சீக்கிரம் முடிச்சுட்டே"ன்னாங்க. சித்திரையில இருந்து அவங்க என்னையப் பார்த்துச் சிரிச்சது அன்னைக்குத்தான்.

செவ்வாக்கிழமை மத்தியானம் குவாரியில பெரிய வெடி வச்சிருக்காங்க. ரிப்போர்ட்டுல இருக்கற அளவுக்குத்தான் வச்சாங்க, அதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. நாச்சம்மா வீட்டுக்குள்ள இருந்திருக்கு. அன்னைக்கு ஏன் வெளிய ஓடிவரலைன்னா, அருள்தாஸ் சொல்லியிருக்கான், "இனிமே பெரிய வெடி வைக்க மாட்டாங்கம்மா, நான் எழுதி அனுப்பிட்டேன், நிம்மதியா இருங்க"ன்னு. குவாரிப் பக்கத்துச் சுவரு முழுசா, ஒரே பலகையாட்டம், அப்படியே உள்பக்கம் சாஞ்சிருச்சு. அந்தம்மா அடுப்புகிட்ட இருந்துச்சாம். சுவத்தைப் பெயர்த்து எடுக்க ஒன்பது பேர் வேண்டியிருந்துச்சுன்னு சொன்னாங்க. எடுத்தப்ப மூஞ்சி தெரியலையாம். காதுத் தோட்டை வச்சுத்தான்... சரி, உங்களுக்கு எதுக்கு அது.

வருத்தம் இல்லாம இல்லீங்க. யாரா இருந்தாலும் உசுருதானே. ஆனா மறுநாள் அவங்க பண்ணுனது அநியாயம்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஒரு டெம்போ வந்து ஆபீசு வாசல்ல நின்னுச்சு. முப்பது பேர் இருப்பாங்க. அந்தம்மாவோட தம்பி முன்னாடி, கையில கடப்பாரை. கண்ணாடிக் கதவை ஒரே போடு, பொடிப்பொடியாக் கொட்டுச்சு. மேடம் உள் ரூமுல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாங்க. "எவண்டா ரிப்போர்ட் எழுதுனவன்? எவண்டா அவன்?"னு கேட்டுக்கிட்டே மேசையை எல்லாம் கவுக்கறானுங்க. பிரிண்டரைத் தூக்கி ஜன்னல் வழியா வீசுனானுங்க. ஒருத்தன் என் சட்டையைப் புடிச்சான். கையைத் தட்டி விட்டேன்.

அப்பன்னு பார்த்து, அன்னைக்குக் காலையிலதான் ஆபீசுக்குத் திரும்பியிருந்த அருள்தாஸ் தன் மேசையில உக்காந்து அந்தக் கோப்பைத் தொறக்கறான். சுத்தியும் ஆளுங்க ஒடைச்சுக்கிட்டிருக்காங்க, இவன் கோப்பைத் தொறந்து மேலயும் கீழயும் தேடறான். அப்புறம் எந்திரிச்சான். மூஞ்சி செத்த பொணம் மாதிரி வெளுத்திருக்கு. என்னையப் பார்த்துக் கேட்டான்.

"அண்ணே, என் ரீடிங்கு எங்க?"

நான் சட்டைக் காலரை இழுத்துச் சரி பண்ணுனேன்.

"அண்ணே, பதினோரு ரீடிங்கு அடிச்சு வச்சிருந்தேன். எங்கண்ணே?"

அத்தனை பேரும் இப்ப என்னையத் திரும்பிப் பார்க்கறான். முப்பது பேர். சித்திரையில ஆறு பேரு, இப்ப முப்பது பேரு. கடப்பாரை வச்சிருக்கறவன் கையை எறக்கிட்டு என்னையப் பார்க்கறான்.

"சொல்லுண்ணே. அழிச்சுட்டியா?"

மேசை மேல சென்சார் இருந்துச்சு. அவன் ஊசிக்கல்பட்டியில குத்தி வச்சிருந்ததுதான். உருண்டையா இரும்பு, ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கும், அடியில நெலத்துல குத்தறதுக்கு ஒரு ஜாண் ஆணி. அதை எடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கு. மொதல் அடி அவன் காதுல விழுந்துச்சு. ஒரு சத்தம், தேங்காய் ஒடைக்கற மாதிரி. அவன் கீழ விழலீங்க, என் கையைப் புடிச்சுக்கிட்டு "அண்ணே"ன்னான். ரெண்டாவது தாடையில. மூணாவதும் தாடையில. "இவன்தான்! கையெழுத்துப் போட்டது இவன்தான்!"னு நான் கத்துனேன். அது பொய்யில்லீங்களே. கையெழுத்து அவனோடதுதானே.

அவ்வளவுதான். முப்பது பேரும் அவன் மேல பாஞ்சுட்டாங்க. கால்லயும் கம்பியிலயும் ஒடைஞ்ச நாற்காலிக் கால்லயும். நான் ஓரமா வந்து நின்னுக்கிட்டேன். ஒரு நாலு நிமிசம் இருக்கும். அடிக்கறவன் மூச்சு வாங்கறது கேக்குது, வேற சத்தமில்ல. எனக்கு உண்மையச் சொல்றேன், ஒரு நிம்மதி இருந்துச்சு. அவன் கேக்கறது நின்னுபோச்சுல்ல, அந்த நிம்மதி. அப்புறம் நாச்சம்மா தம்பிதான் "போதும்டா, செத்துருவான்"னு எல்லாரையும் இழுத்துவிட்டான்.

சாகலீங்க. பொழைச்சுட்டான். எடது காது இனிமே கேக்காது. தாடையை மேலயும் கீழயும் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க, ஸ்ட்ராவுலதான் கஞ்சி. பேச முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டில்லயே வச்சு அவனைக் கைது பண்ணிட்டாங்க. பொய் ரிப்போர்ட்டு குடுத்து ஒரு உசுரு போனதுக்கு அவன்தான் மொதல் குற்றவாளி. வாசல்ல போலீசு காவல். பொண்டாட்டியும் ரெண்டு பொட்டப் புள்ளைகளும் தூத்துக்குடியில இருந்து வந்து வராண்டாவுல உக்காந்திருக்காங்களாம். எம்மேல அடிதடிக் கேசு மட்டும்தான், ஜாமீன் குடுத்துட்டாங்க. ரெண்டு கேசும் ஊசிக்கல்பட்டி ஸ்டேசன்லதான், தெனமும் காலையில பத்தரைக்கு அங்க போய்க் கையெழுத்துப் போடணும்னு கண்டிசன். அதுக்குத்தான் இந்த பஸ்ஸு. ஞாயித்துக்கிழமையும் விடறதில்ல.

ஏனுங்க, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு? தண்ணி வேணுங்களா? இப்பத்தான் நாயத்துக்கே வர்றேன்.

நீங்களே சொல்லுங்க. ரிசல்ட்டுன்னு போட்ட எடத்துல மெசினு தானே எழுதணும்? மனுசன் கையை வைக்கலாமா? மீட்டர்ல தேடிப் பார்த்தாங்க, அது கடைசி நாலைத்தான் வச்சிருக்கும், அவன் திங்களும் செவ்வாயும் அடுத்த குவாரியில அளந்ததுல பழசு போயிருச்சு. பேக்கப்பைத் தேடுனாங்க, அது சுத்தமா இருந்துச்சு. அப்ப ஒரு ரீடிங்கும் இல்லைன்னுதானே ஆகுது? சட்டப்படி அப்படித்தானே? வக்கீலும் அதைத்தான் சொன்னாரு. நானும் அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

அவன் ஆஸ்பத்திரியில ஒரு தாள்ல எழுதிக் காட்டியிருக்கான், 'விழுந்த சுவத்தைப் பாருங்க'ன்னு.

எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. சுவத்துல விரிசல் இருந்தா, அது எங்க முடியுதோ அந்த எடத்துல பென்சில்ல குறுக்க ஒரு கீறு போட்டு, பக்கத்துல தேதி எழுதுவாங்க. நாளைக்கு வந்து பார்த்தா கீறைத் தாண்டி வளர்ந்திருக்கான்னு தெரிஞ்சிரும். இவன் தேதியோட நிறுத்தல. ரீடிங்கையும் எழுதி வச்சிருக்கான். நாச்சம்மாதான் கேட்டிருக்கு, "எழுதி வச்சுட்டுப் போ கண்ணு, எனக்குப் படிக்கத் தெரியாட்டியும் நாளைக்கு எவனாவது வந்தாக் காட்டுவேன்"னு. அவங்க தம்பி ஸ்டேசன்ல சொல்லி அழுதான், நான் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன்.

அந்தச் சுவத்துத் துண்டை டிராக்டர்ல ஏத்திக் கொண்டாந்து ஸ்டேசன் பின்னாடி, புடிச்சு வச்ச பைக்குகளுக்குப் பக்கத்துல, சாச்சு வச்சிருக்காங்க. மேல ஒரு தார்ப்பாய். போட்டோ எடுத்துப் பார்த்தாங்க, வெள்ளைச் சுண்ணாம்புல பென்சிலு விழல. தலையைச் சாய்ச்சு ஒருக்களிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். மெட்ராசுல இருந்து ஒரு நிபுணர் லைட்டெல்லாம் எடுத்துக்கிட்டு வர்ற வியாழக்கிழமை வர்றாராம். அவர் வந்து படிச்சாருன்னா அருள்தாஸ் வெளிய வந்துருவான். அப்ப உள்ள போறது யாருன்னு நான் சொல்லணுமா?

கையெழுத்துப் போட்டுட்டுப் பின்பக்கமா ஒண்ணுக்குப் போறப்பத்தான் அதை மொதல்ல பார்த்தேன். காத்துல தார்ப்பாய் தூக்கியிருந்துச்சு. உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன, அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததே இல்ல. வரிசையாப் பதினொண்ணு. ஏழு புள்ளி ரெண்டு, எட்டு, ஏழு புள்ளி ஒன்பது. கடைசியில ஒன்பது புள்ளி நாலு. அழிச்சது எல்லாம் எந்திரிச்சு வந்து நிக்குது.

ஆனா எவ்வளவு நேரந்தான் பயப்படறது? யோசிச்சேன். மேல புரோகிராம் இருக்கா? இல்ல. மெசினு எழுதுனதா? இல்ல. அப்ப அதுவும் நிக்கக் கூடாத ரிசல்ட்டுதானே. கட்டை விரலை எச்சில் தொட்டு அப்படியே ஒரு இழுப்பு. சுண்ணாம்போட வழிஞ்சு வந்துருச்சு. அந்தச் சுகம் இருக்கே, கீயைத் தட்டுனா வருமே, அதே சுகமுங்க.

ஒரே நாள்ல எல்லாத்தையும் எடுத்தா ஸ்டேசன் ரைட்டருக்குச் சந்தேகம் வந்துரும். அதனால ஒரு நாளைக்கு ஒண்ணு. கையெழுத்து, அப்புறம் பின்பக்கம், அப்புறம் பஸ்ஸு. இதுவரைக்கும் ஏழு போயிருக்கு. நாலு பாக்கி. இன்னைக்குத் திங்களு, வியாழக்கிழமைக்குள்ள முடிக்கணும்னா இன்னைக்கு ரெண்டு எடுத்தாகணும்.

இல்லீங்க, உங்க ஸ்டாப்பு இன்னும் வரல. உக்காருங்க. கையைப் புடிச்சதுக்கா இப்படி உதறுறீங்க? உக்காருங்கன்னு சொல்றேன். முடிச்சுடறேன், இன்னும் ஒரே ஒரு விசயந்தான்.

அந்தப் பதினோரு நம்பருக்கும் அடியில ஒரு வரி எழுதி வச்சிருக்கான். பென்சிலைக் கூர் தீட்டி, அழுத்தி, நிறுத்தி எழுதியிருக்கான். 'பதினோரு ரீடிங்கும் லோகண்ணனுக்கு அனுப்பியாச்சு. சனிக்கிழமை காலை பத்தேகால். பெரிய வெடி வேண்டாம்னு போன்லயும் சொல்லியாச்சு. சரின்னு சொன்னார்'னு.

அதை நான் தொடலீங்க. விரல் பக்கத்துல போச்சு, நிறுத்திட்டேன். அது ரிசல்ட்டு இல்லையே, எழுத்து. எழுத்தை நான் இதுவரைக்கும் ஒரு தடவை கூட அழிச்சதில்ல. நம்பருங்க போகப் போக, மேல அப்பியிருந்த மண்ணும் உதுந்து, இப்ப அந்த ஒரு வரி மட்டும் தனியா, பளிச்சுன்னு நிக்குது. தலையைச் சாய்க்கக்கூட வேண்டியதில்ல, நேரா நின்னாலே படிக்கலாம்.